ப்ரேபெனுக்காக மிச்சம் பிடித்த பேட்டரி

1999 அக்டோபரில், உருளைக்கிழங்கு விடுமுறை எனும் இலையுதிர்காலப் பள்ளி விடுமுறை தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது ப்ரேபெனுக்குத் தொலைபேசி வந்தது. கிரீன்லாந்துக் கடலுக்கு இறால் பிடிக்கப் போகும் கப்பலில் ஒருவன் குடல்வால் வீங்கி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், அடுத்த வாரம் ஏற வேண்டிய நீ நாளைக்கே ஏறிவிடு என்றார்கள். கடல் வேலையில் இதெல்லாம் புதிதல்ல. அவன் மனைவி யூட்டே எழுந்துபோய் அவனுடைய கம்பளிக் காலுறைகளை எண்ணி எடுத்து வைத்தாள். ஒன்பது வயது மகள் சிஸ்ஸெல்தான் சாப்பாட்டு மேசையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

காரணம் இருந்தது. அந்தச் சனிக்கிழமை மூவரும் பில்ஸ்கோவ் பூங்காவுக்குப் போவதாக ஏற்பாடு. அங்கே 'கடல்நாகம்' என்று ஒரு ரோலர் கோஸ்டர் உண்டு. முழுக்க மரத்தாலான பழைய சாரம். வண்டி ஓடினால் காடே கடகடக்கும். அதில் ஏற நூற்று நாற்பது சென்டிமீட்டர் உயரம் வேண்டும். மூன்று வருஷமாக ஒவ்வொரு தடவையும் சிஸ்ஸெல் அந்த அளவுக் கம்பத்தருகே நிமிர்ந்து நின்று, குதிகாலைத் தூக்கிப் பிடிபட்டுத் திரும்பியிருக்கிறாள். அப்பாவோடு சேர்ந்து ஏறுவதென்று ஒப்பந்தம். அந்தக் கோடையில்தான் கன்றுக்குட்டி மாதிரி திடீரென்று வளர்ந்து, கோட்டைத் தாண்டியிருந்தாள். பூங்கா ஞாயிறோடு குளிர்காலத்துக்கு மூடிவிடும்.

புறப்படும்போது ப்ரேபென் மகளின் முன்னால் குந்தி உட்கார்ந்து, தனக்காகக் காத்திருக்க வேண்டாம், போய் ஏறிவிடு என்றான். பிறகு யூட்டேயிடம் ஒன்றே ஒன்று கேட்டான்.

"மேலேர்ந்து கீழ வர்றப்ப அவ மூஞ்சி எப்படி இருக்குன்னு எனக்குப் பாக்கணும். எப்படியாவது படம் புடிச்சு அனுப்பு."

வீட்டில் வீடியோ கேமரா கிடையாது. யூட்டே வேலை பார்த்த, அவர்கள் ஊரான துய்பொரோன் துறைமுகத்து மீன் ஏலக்கூடத்தில் ஹோல்கர் என்ற எடைக்காரர் ஒருவர் இருந்தார். கல்யாணமாகாதவர், சம்பளத்தில் பாதி மின்சாதனங்களுக்குப் போகும். அவர் தம் கேமராவை வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு துவாலையில் சுற்றிக்கொண்டு வந்து கொடுத்தார். ஒரே ஒரு பேட்டரிதான், அதுவும் வயதானது. இன்னொன்று வாங்கலாமென்று பார்த்தால் அந்த மாதிரி பேட்டரி இப்போது கடையில் வருவதில்லை என்றார். சூடான அறையில் நாற்பது நிமிஷம் ஓடும், குளிரில் அது தன் இஷ்டப்படி.

பிறகு அரைமணி நேரம் பாடம் நடந்தது. பக்கவாட்டுத் திரையைத் திறக்கவே கூடாது. கண்ணை வைத்துப் பார்க்கும் துளை போதும். எடுத்ததைப் பின்னோக்கி ஓட்டிப் பார்க்கக் கூடாது. தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்கும் பொத்தானைத் தொடக் கூடாது. சும்மா சும்மா அணைத்து அணைத்துப் போடுவதும் தப்பு, ஒவ்வொரு தடவை விழிக்கும்போதும் அது ஒரு வாய் தின்னும். எல்லாவற்றுக்கும் மேலாக, எடுக்காத நேரத்தில் பேட்டரியைக் கழற்றி உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். எங்கே என்று யூட்டே கேட்டதற்கு ஹோல்கர் காது சிவந்து, அது உன் சௌகரியம் என்றார்.

சனிக்கிழமை காலையில் வயல்களில் வெண்பனி படிந்திருந்தது. பேட்டரி யூட்டேயின் உள்சட்டைக்குள் ஏறியது. ஐஸ் கட்டி மாதிரி சில்லென்று இருந்தது. பத்து நிமிஷத்தில் அவள் சூட்டை வாங்கிக்கொண்டது. ரயிலில் இரண்டு மணி நேரமும் ஒரு கை நெஞ்சின்மேலேயே இருந்தது. எதிரே இருந்த கிழவர் ஒருவர் நெஞ்சு வலியா என்று விசாரித்தார்.

அன்று முழுக்க அவள் நிமிஷங்களை வைத்தே யோசித்தாள். வாசல் வளைவுக்கு அரை நிமிஷம். ராட்டினக் குதிரைக்கு இரண்டு சுற்று. சிஸ்ஸெல் வாத்துக் குளத்தில் தொப்பியைப் போட்டுவிட்டுக் கம்பால் துழாவியது எதிர்பாராமல் வந்தது. அதற்கு நாலு நிமிஷம் போய்விட்டது, ஆனால் விட மனமில்லை. சிவப்பு சாசேஜ் தின்று கடுகுச்சாறு மூக்கில் ஏறியதற்குக் கொஞ்சம். காட்டு என்று மகள் ஒவ்வொரு தடவையும் திரைக்கு அலைந்தாள். யூட்டே கையைத் தட்டிவிட்டாள். பகலில் கறுப்பு ரொட்டியும் ஈரல் பசையும் சாப்பிட உட்கார்ந்தபோது, ரொட்டியில் பாதியை மகள் குருவிக்குப் போடுவதைப் பார்த்தும் எடுக்கவில்லை. கடல்நாகத்துக்கு வேண்டும், கடல்நாகத்துக்கு வேண்டும் என்று அடக்கிக்கொண்டாள்.

இப்போது நினைத்தால் அவளுக்கே சிரிப்பு வரும். இன்றைக்குப் பேரப்பிள்ளைகளோடு எங்கே போனாலும் ஆளாளுக்குக் கையில் தொலைபேசி, காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓடிக்கொண்டே இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் அதை யாரும் திறப்பதில்லை. அந்தச் சனிக்கிழமையில் எதை எடுத்தாள், எதை எடுக்காமல் விட்டாள் என்பது இன்னும் அவளுக்கு வரிசையாகத் தெரியும். எடுக்காமல் விட்ட குருவிதான் கண்ணுக்குள் அதிகம் நிற்கிறது.

மூன்று மணிக்குக் கடல்நாகத்து வரிசையில் நின்றார்கள். ஒரு மணி நேரத்து வரிசை. ஊசியிலை மரக் காட்டின் நடுவே சாரம் உயர்ந்து நின்றது. சங்கிலி வண்டியை மேலே இழுக்கும் டக் டக் சத்தம், கொஞ்சம் மௌனம், பிறகு கூச்சல். யூட்டேயின் திட்டம் சுலபமானது: மகளை வாசலில் விட்டுவிட்டு வேலியோரம் போய் நிற்பது. முதல் சரிவு அங்கேதான் தரையைத் தொடும்.

வாசலில் சிவப்பு மேலங்கி போட்ட பெண் ஒருத்தி சிஸ்ஸெலைக் கம்பத்தருகே நிறுத்தினாள். தாண்டி இருந்தது. அந்தப் பெண்ணே கைதட்டினாள். பிறகு வயதைக் கேட்டாள். பத்து வயதுக்குக் கீழே என்றால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும், இந்த வருஷத்திலிருந்து அப்படி ஒரு விதி என்றாள். சிஸ்ஸெலுக்குப் பத்து முடிய ஜனவரி ஆகும்.

யூட்டேக்கு உயரம் என்றால் ஆகாது. ஏலக்கூடத்து மாடி அலுவலகத்துக்குக் கம்பிப் படிக்கட்டு என்பதால் பதினோரு வருஷமாகச் சம்பளச் சீட்டைக் கீழேயே வாங்கிக்கொண்டவள். திரைச்சீலை மாட்ட நாற்காலியில் ஏறினாலும் ப்ரேபென் இடுப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்பாவோடு வசந்தத்தில் வரலாம் கண்ணு என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சிஸ்ஸெல் அழவுமில்லை, கெஞ்சவுமில்லை; பின்னால் நின்றவர்களுக்கு வழிவிட்டு வரிசையைவிட்டு வெளியே வந்து, கையுறைகளைப் போட்டுக்கொள்ள ஆரம்பித்தாள். அழுதிருந்தால் யூட்டே சமாளித்திருப்பாள்.

வேலியோரம் பெஞ்சில் ஒரு தம்பதி உட்கார்ந்திருந்தனர். அறுபதைத் தொட்டவர்கள். ஆள் ஆஜானுபாகு, பச்சை ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார். மனைவி மெலிந்த உடம்பு, மடியில் காப்பிக் குடுவை, கழுத்தில் பறவை பார்க்கும் தொலைநோக்கி. யூட்டே நேரே அவரிடம் போய், கேமராவில் படம் எடுத்துப் பழக்கமுண்டா என்று கேட்டாள்.

"பன்னி வளக்கிறவன் நான்," என்றார் அவர். "சொல்லிக் குடுத்தா எதையும் செய்வேன்."

மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னாள். நெஞ்சுக்குள்ளிருந்து பேட்டரியை எடுத்தபோது அவர் நாகரிகமாகக் காட்டைப் பார்த்தார். மாட்டியதும் நாலு கட்டத்தில் இரண்டு தெரிந்தது. இந்தக் குளிரில் பத்து நிமிஷம் வந்தால் அதிகம். ஒரு தடவை அழுத்தினால் ஓடும், இன்னொரு தடவை அழுத்தினால் நிற்கும்; வண்டி உச்சிக்கு வந்த பிறகு அழுத்துங்கள், அதுவரை தொட வேண்டாம் என்றாள். மூன்று தடவை சொன்னாள். அவர் மூன்று தடவையும் தலையாட்டினார்.

பிறகு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்; சிவப்பு மேலங்கிப் பெண் மறுபடி வரிசையில் நிற்கவிடாமல் நேரே உள்ளே அனுப்பினாள்.

அந்த ஏற்றத்தைப் பற்றி அவளால் அதிகம் சொல்ல முடியாது. கம்பி மடிமேல் விழுந்து பூட்டிக்கொண்டது. தரை முதுகுப் பக்கம் போயிற்று. கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். தார் பூசிய மரத்தின் வாசனை மட்டும் வந்தது. மேலே போகப் போகக் காற்று கூடியது. சங்கிலிச் சத்தம் நின்றபோது, பக்கத்தில் சின்னக் குரல் நிதானமாகச் சொன்னது:

"அம்மா, கண்ணத் தொற. அப்பாவுக்கு நாமதானே சொல்லணும்."

திறந்தாள். கீழே காடு, காட்டுக்கு அப்பால் வெள்ளித் தகடு போலக் கடற்கால்வாய், அதன்மேல் தாழ்ந்த சூரியன். இத்தனை அழகான ஒன்றை அவள் அதுவரை பார்த்ததில்லை. பார்த்து முடிப்பதற்குள் பூமி காணாமல் போயிற்று.

வேலியைத் தாண்டும் ஒரு நொடியில், பச்சை பூட்ஸ்காரர் கேமராவைக் கண்ணில் வைத்து மரம்போல நிற்பது தெரிந்தது. அப்பாடா என்றிருந்தது. அதற்கப்புறம் அவள் போட்ட கூச்சல் தன்னுடையது என்று அவளுக்கே தெரியவில்லை.

இறங்கி வந்ததும் யூட்டே வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிஸ்ஸெல் சிரித்துக்கொண்டே இருந்தாள். பன்றிக்காரர் இரண்டு கையாலும் கேமராவை ஏந்தி வந்தார்.

"அணைஞ்சு போச்சும்மா. ஆனா அதுக்குள்ள அத்தனையும் புடிச்சுட்டேன்," என்றார்.

அவர் மனைவி யூட்டேக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தாள். பேரைக்கூடக் கேட்டுக்கொள்ளாமல் பிரிந்தார்கள், ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

பேட்டரி செத்துப்போயிற்று, மின்னேற்றும் கருவி ஹோல்கரிடம் இருந்தது, அதனால் வீட்டில் பார்க்க வழியில்லை. திங்கட்கிழமை கேமராவை ஹோல்கரிடம் கொடுத்தாள். அவர் அன்றைக்கே பெரிய கேசட்டில் நகல் எடுத்து, கிரீன்லாந்தின் நூக் துறைமுகத்து முகவர் பெயருக்குத் தபாலில் சேர்த்தார். படம் எப்படி என்று கேட்டதற்கு, ஓடும்போது தாம் சமையலறையில் இருந்ததாகச் சொன்னார்.

மூன்று வாரம் கழித்து ஏலக்கூடத்துத் தொலைபேசியில் ப்ரேபென் வந்தான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது.

"யூட்டே, நீயா அதுல ஏறின?"

"ஏறினேன். அதான் படத்துலயே பாத்திருப்பியே."

"உன்னப் படத்துல பாக்கல. கேட்டேன்."

அவளுக்குப் புரியவில்லை. ப்ரேபென் சிரிக்க ஆரம்பித்து, பேச முடியாமல் நிறுத்தி, மறுபடி ஆரம்பித்தான். நடந்தது இதுதான். அவள் முதுகைத் திருப்பியதும் பன்றிக்காரர் பொத்தானைப் பழகிப் பார்க்க ஒரு தடவை அழுத்தியிருக்கிறார். கேமரா ஓடத் தொடங்கிவிட்டது. அது தெரியாமல் தோல்வாரில் தொங்கவிட்டபடி நின்றிருக்கிறார். எட்டு நிமிஷத்துக்கு இரண்டு பச்சை பூட்ஸ், கொஞ்சம் சரளைக் கல், ஒரு காப்பிக் குடுவையின் அடிப்பாகம். வண்டி உச்சிக்கு வந்ததும் மிகச் சரியாக அழுத்தினார், கேமரா நின்றுவிட்டது. வண்டி போனபின் மறுபடி அழுத்தினார். பேட்டரி தீரும்வரை பூட்ஸ்.

யூட்டே சுவரில் சாய்ந்துகொண்டாள். குருவியை விட்டது, ராட்டினத்தை இரண்டு சுற்றோடு நிறுத்தியது, உள்சட்டைக்குள் நாள் முழுக்க அடைகாத்தது எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

"அவ மூஞ்சிய உனக்குக் காட்டணும்னுதானே..." என்றாள்.

"அத விடு. அந்த ஆளு, பொண்டாட்டி ரெண்டு பேரும் பேசினது பூரா கேக்குது. கேளு," என்றான் ப்ரேபென். அவனுக்கு மனப்பாடமாகியிருந்தது. கப்பலில் பதினேழு பேருக்கும் மனப்பாடமாம். வலை ஏற்றிவிட்டு வந்தால் கேசட்டைப் போடச் சொல்லி அவர்களே கேட்கிறார்களாம்.

பன்றிக்காரர் சொல்கிறார்: அந்தப் பொம்பள மூஞ்சியப் பாத்தியா தோரா, மோர் மாதிரி வெளுத்துப் போச்சு.

அவள் சொல்கிறாள்: வெளுத்தா என்ன, புள்ளைக்காகப் போறா பாரு லாவ்ரிட்ஸ். நாப்பது வருஷத்துல நீ என்கூட எதுலயாவது ஏறியிருக்கியா?

அவர்: நான் ஏறினா அது எறங்காது.

பிறகு பண்ணை வேலைக்காரப் பையன் பன்றிகளுக்கு இந்நேரம் தீனி வைத்திருப்பானா என்று பேச்சு. தங்கள் ஊரான ஓஸ்டர்மோஸவுக்குத் திரும்ப ஏழு மணியாகுமே என்று கவலை. சங்கிலி டக் டக் என்று கேட்கத் தொடங்கியதும் தோராவின் குரல் தாழ்கிறது: கண்ண மூடிக்கிட்டிருக்கா. ஐயோ, பாவம். இல்ல இல்ல, தொறந்துட்டா. கண்ணத் தொறந்துட்டா லாவ்ரிட்ஸ். உடனே அவர்: இப்போ, இப்போ அழுத்தணும். டக்.

கம்பியில் கடல் இரைந்தது.

"நாற்காலி மேல நிக்க மாட்டியேடி நீ," என்றான் கடைசியில்.

கிறிஸ்துமஸுக்கு வந்தவன் முதல் வேலையாக ஒரு மரப்பெட்டியில் புகை போட்ட மீனை அடுக்கி, 'லாவ்ரிட்ஸ், தோரா, பன்றிப் பண்ணை, ஓஸ்டர்மோஸ' என்று மட்டும் எழுதி அனுப்பினான். உள்ளே நடந்ததைச் சொல்லி ஒரு கடிதம். போய்ச் சேர்ந்துவிட்டது. ஜனவரியில் பதில் வந்தது. பெரிய பெரிய எழுத்து. ஊர் முழுக்கத் தம்மைப் படக்காரர் என்று சொல்லிக்கொண்டு திரிந்ததாகவும், மூன்று தடவை சொல்லியும் தவறவிட்டதற்குத் தலை குனிவதாகவும், இனி தோரா தம்மைப் தீனி போடும் எந்திரத்தைக்கூடத் தொட விடமாட்டாள் என்றும் லாவ்ரிட்ஸ் எழுதியிருந்தார். கூடவே ஒரு முழுப் பன்றித்தொடை, உப்பிட்டது. அதிலிருந்து வருஷந்தோறும் டிசம்பரில் மீன் ஒரு பக்கம் போகும், தொடை மறு பக்கம் வரும். நேரில் பார்த்துக்கொள்ளத்தான் வாய்க்கவில்லை. அந்தப் பதில் வந்த வருஷம் மே மாதம் ப்ரேபெனும் சிஸ்ஸெலும் கடல்நாகத்தில் ஏழு தடவை ஏறினார்கள். கேமரா யாரிடமும் இல்லை. ப்ரேபென் இறங்கி வந்து புதரோரம் வாந்தியெடுத்தான். முப்பது வருஷம் புயலில் கிடந்தவன்.

2008 நவம்பரில் தோரா தொலைபேசியில் பேசினாள். செப்டம்பரில் லாவ்ரிட்ஸ் போய்விட்டார், தொழுவத்தில் விழுந்தவர் எழவில்லை என்றாள். யூட்டே வருத்தம் சொன்னாள். தங்களுக்குக் குழந்தைகள் இல்லை, வீட்டில் கேமராவோ பதிவுக் கருவியோ எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்றாள் தோரா. பிறகு சொன்னாள்:

"போட்டோ இருக்கு, நாலஞ்சு. ஆனா குரலு எங்கயும் இல்ல. காலைல எழுந்தா அது எப்படி இருந்துச்சுன்னே நெனவுக்கு வரமாட்டேங்குது. உங்ககிட்ட அந்தக் கேசட்டு இன்னும் இருக்கா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ப்ரேபெனும் யூட்டேயும் ஓஸ்டர்மோஸவுக்குக் காரோட்டிப் போனார்கள். அங்கே கருவி இருக்காதென்று தங்கள் வீட்டு வீடியோ பெட்டியையும் பின் இருக்கையில் கட்டி எடுத்துப் போனார்கள். தொழுவம் காலியாக இருந்தது. தோரா ஞாயிற்றுக்கிழமை உடுப்பில், தலைவாரி, விருந்தாளிக்குக் காத்திருப்பவள் போல நின்றாள். அரைமணி நேரம் ப்ரேபென் தொலைக்காட்சிக்குப் பின்னால் கம்பிகளோடு போராடினான். யூட்டே மேசையில் கோப்பைகளை வைத்தாள். காப்பியை யாரும் ஊற்றவில்லை.

வாத்துக் குளம் ஓடியது, சாசேஜ் ஓடியது. பிறகு சரளைக் கல்லும் பச்சை பூட்ஸும். தோரா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். அந்தப் பொம்பள மூஞ்சியப் பாத்தியா தோரா என்று லாவ்ரிட்ஸ் கேட்டபோது, "ம்," என்றாள் வாய்க்குள்.

முழுவதும் கேட்டாள். இடையில் ஒரு தடவை திரும்பி, "நான் என்ன இத்தன வாயாடியாவா இருந்தேன்? அவரப் பேசவே விடலியே," என்றாள். நான் ஏறினா அது எறங்காது என்ற இடத்தில் சிரித்தாள்; சிரிப்பு கொஞ்ச தூரம் போய் வேறாக மாறியது. யூட்டே எழுந்துபோய் அவள் தோளில் கை வைத்தாள். கேசட் ஓடி முடிந்து திரையில் பனி கொட்டியது. யாரும் அதை நிறுத்தவில்லை.

கேசட்டை அங்கேயே விட்டார்கள், வீடியோ பெட்டியையும். வேண்டாம் வேண்டாமென்று தோரா மறுத்துப் பார்த்தாள். நீங்கள் வைத்துக்கொண்டால்தான் எங்களுக்கு நிம்மதி என்று ப்ரேபென் சொல்லிவிட்டான். கிளம்பும்போது அவள் வாசல்வரை வந்தாள். தினமும் கேட்டால் நாடா தேய்ந்துவிடுமோ என்று கவலைப்பட்டாள். தேயட்டும், ஹோல்கரிடம் மூலம் இருக்கிறது, எத்தனை நகல் வேண்டுமானாலும் போடலாம் என்று யூட்டே சொன்னாள்.

திரும்பும் வழியில் வயல்களில் இருட்டிக்கொண்டு வந்தது. ஹோல்ஸ்டெப்ரோ நகரைத் தாண்டிய பிறகு, மேலே போனப்ப நிஜமாவே கண்ணத் தொறந்தியா என்று ப்ரேபென் கேட்டான். திறந்தேன் என்றாள் யூட்டே. என்ன தெரிந்தது என்று கேட்டான். ஒன்பது வருஷமாக அவன் அதைக் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. காடும் கடற்கால்வாயும் தாழ்ந்த வெயிலும் எப்படி இருந்தன என்று, துய்பொரோன் வரும்வரை, ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டே வந்தாள்.